மதில்மேல் நாரை

குழிக்கரண்டியில் அள்ளிய கெண்டைக் குஞ்சைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார் ஃபோர்மேன். மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. கவலையில் அவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

துடுப்புக்கு அடியில் கடுகு கடுகாக மஞ்சள் முடிச்சுகள். நேற்று ஒரு மீனில் பார்த்ததை இன்று அள்ளிய மீனிலெல்லாம் பார்த்தார். மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தால், பின்பக்கத்து மதில்மேல் அந்தச் சாம்பல் நிறக் கொக்கு நின்றிருந்தது. அவரை அது ஓர் ஆளாகவே மதிக்கவில்லை. அவரைத் தாண்டிச் சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன, உள்ளே கூப்பிட்டு உபசாரம் பண்ணணுமா?" என்று கேட்டுக் கரண்டியை ஓங்கினார்.

கொக்கு நிதானமாக ஒரு காலை மடித்துக்கொண்டது. ஒற்றைக்காலில் நிற்பது என்று மனிதர்கள் சும்மா சொல்கிறார்கள். அதைத் தொழிலாகச் செய்கிறவர்களிடம் நம்மால் போட்டி போட முடியாது.

நாளிதழ் அச்சகத்தில் இரவு ஷிஃப்ட்டுக்கு ஃபோர்மேனாக இருந்தவர் அவர். ஊர் எழுந்து பேப்பரைப் பிரிக்கும் நேரத்தில், அதை அச்சடித்த மனிதர் போர்வைக்குள் போவார். உச்சிவேளை வரை தூக்கம். அதுவரை மனைவி வீட்டைப் பஞ்சில் பொதிந்ததுபோல வைத்திருப்பாள். பாத்திரம் பேசாது, குழாய் முனகாது. எப்போதாவது வாசலில் ஒரு மொபெட்டின் ஹாரன் மட்டும் தூக்கத்தில் கேட்கும். ரொட்டிக்காரன் என்று நினைத்துப் புரண்டு படுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்த காலைப்பொழுதுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவளுடைய காலைப்பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டதும் இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இப்போது அவள் இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. கடைசியாக, மூக்கில் குழாயோடு, "தொட்டியைக் கவனிச்சுக்கோங்க" என்றாள். மேலும் ஏதோ சொல்ல வந்தாள். பேசக்கூடாது என்று நர்ஸ் தடுத்துவிட்டாள். அந்த நர்ஸை ஃபோர்மேன் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் போனபிறகு அவருக்குப் பகலில் தூக்கம் வரவில்லை, வேலையையும் விட்டுவிட்டார். அப்படித்தான் இந்த வயதில் விடியற்காலை என்ற ஒன்றும், அதில் ஒரு கொக்கும் இருப்பது அவருக்குத் தெரியவந்தது.

தொட்டி என்றால் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அவள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட சிமெண்ட் தொட்டி. வருஷக்கணக்காக அதில் மீன். ஆனால் ஒரு மீனாவது விரல் நீளத்தைத் தாண்டியதாக அவருக்கு நினைவில்லை. "உன் மீனெல்லாம் என்ன குள்ள வம்சமா?" என்று ஒருதடவை கேலி செய்தார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவர் கரண்டியோடு நிற்கும்போதே மகள் போனில் கூப்பிட்டாள். அவள் இருப்பது வேறு ஊரில். அப்பா தனியாக இருக்க வேண்டாம், கிளம்பி வந்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. மீனை யார் பார்ப்பார்கள் என்பது அவர் கட்சி. கடைசியில் இரண்டு கட்சியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன.

"மீன் இருக்கிற வரைக்கும்தாம்ப்பா," என்று மகள் மறுபடியும் நினைவூட்டினாள். "அதுக்கப்புறம் சாக்கு சொல்லக்கூடாது."

ஃபோர்மேன் சரி என்றார். இந்த வீட்டில் மனைவியின் கை பட்டதில் உயிரோடு இருப்பது இந்த மீன்கள் மட்டும்தான். அவை போய்விட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். மஞ்சள் முடிச்சு விஷயத்தை மகளிடம் மூச்சு விடவில்லை.

ஒரு மீனை டிபன் பாக்ஸில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனார். அங்கே மீனுக்கென்றே ஒரு டாக்டர் இருந்தாள், இளவயதுப் பெண். அவள் ஒரு முடிச்சை ஊசியால் கீறி, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் அவரைப் பார்க்கச் சொன்னாள். உள்ளே ஒரு புழு சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

"தட்டைப்புழு சார்," என்றாள். "நத்தைக்குள்ள பெருகும், மீனுக்குள்ள காத்திருக்கும், பறவையோட தொண்டையில போய்க் குடும்பம் நடத்தும். அந்தப் பறவை வாயைத் தண்ணியில நனைச்சா முட்டை விழும். முட்டை பொரிஞ்சு மறுபடி நத்தைக்குள்ள போகும்."

மீனைத் தின்றால்தான் பறவைக்குள் போக முடியும், அதனால் புழு மீனுக்குள் பொறுமையாகப் படுத்திருக்கும் என்று விளக்கினாள். முடிச்சு விழுந்த மீனுக்கு மருந்து கிடையாது. ஆனால் மீன் அதோடு பிழைத்துக் கிடக்கும். புதிதாகப் புழு ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் நத்தை, மீன், பறவை மூன்றில் ஒரு கண்ணியை அறுத்துவிட வேண்டும்.

"இதுல யார் மேல தப்பு?" என்று கேட்டார் ஃபோர்மேன். இருபது பேரை மேய்த்தவர். தப்பு யாருடையது என்று தெரியாமல் அவரால் எந்த வேலையையும் தொடங்க முடியாது.

"யார் மேலயும் இல்ல சார். மூணு பேரும் இடம் கொடுத்திருக்காங்க, அவ்வளவுதான்."

அவர் கொக்கைப் பற்றிச் சொன்னார். அவள் நிறம், உயரம், கழுத்து எல்லாம் விசாரித்துவிட்டு, அது கொக்கு இல்லை, சாம்பல் நாரை என்றாள். எதுவாக இருந்தாலும் பொறுக்கிதான் என்றார் ஃபோர்மேன்.

முதலில் நத்தையில் கைவைத்தார். தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் ஸ்பூனால் சுரண்டி எடுத்தார். காலையில் சுரண்டினால் மாலையில் அதே இடத்தில் அதே அளவு நத்தை. அப்போதுதான் மைத்துனர் வந்தார். மனைவியின் தம்பி. சொந்தமாக ஒரு வேனும், உலகத்திலுள்ள எல்லாப் பிரச்சினைகளுக்கும் ஒரு யோசனையும் வைத்திருப்பவர்.

"நத்தைக்கு வாத்துதான் மாமா," என்றார்.

மறுநாள் வேனில் இரண்டு வாத்துகள் வந்து இறங்கின. நத்தையைத் தின்றன, மறுப்பதற்கில்லை. பிறகு தொட்டியில் மிதந்த பாசியைத் தின்றன. பிறகு ஓரத்தில் ஒதுங்கிய சின்ன மீன் ஒன்றையும் தின்றுவிட்டு, தின்றதையெல்லாம் தொட்டியிலேயே திருப்பிக் கொடுத்தன. தண்ணீர் பச்சையாகிப் பிறகு கறுப்பானது. மீன்கள் மேலே வந்து காற்றுக்காக வாயைப் பிளந்தன. போனில் விஷயத்தைக் கேட்ட மீன் டாக்டர், வாத்துக்கென்று தனிப் புழுக்கள் உண்டே, அது தெரியாதா என்று கேட்டாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வாத்துகள் வந்த வேனிலேயே திரும்பிப் போயின.

இத்தனைக்கும் நாரை ஒருநாள்கூட லீவு போடவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கும் மீன் அதற்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது மாதிரி இருந்தது. கண்ணெதிரே ஒன்றைக் கொத்தி விழுங்கியதை ஃபோர்மேன் பார்த்தார். தன் மனைவியையே யாரோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல இருந்தது அவருக்கு. இனி பறவைதான் என்று முடிவு செய்தார்.

மைத்துனரின் அடுத்த யோசனை பொம்மை. இரண்டு துடைப்பக் கம்பைக் குறுக்கே கட்டி, ஃபோர்மேனின் பழைய காக்கிச் சட்டையை மாட்டி, தொட்டி ஓரத்தில் நட்டார்கள். அச்சகத்தில் அந்தச் சட்டையைக் கண்டால் ஆட்கள் பீடியை அணைப்பார்கள். நாரை அதன் தோளில் எச்சமிட்டுவிட்டுத் தொட்டியில் இறங்கியது.

"காக்கி எடுபடாது மாமா. பளிச்னு பூப்போட்ட துணியா இருக்கணும், அப்பதான் மிரளும்."

வீட்டில் பூப்போட்ட துணி ஒன்றுதான் இருந்தது. அவளுடைய பழைய நைட்டி. கொடியில் காய்ந்தது காய்ந்தபடி அவர் எடுக்காமல் விட்டிருந்தது. தரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். மீனுக்காகத்தானே, அக்காவே இருந்தால் கொடுத்திருப்பாள் என்று மைத்துனர் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவள் தொட்டி ஓரத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். காற்றில் நைட்டி அசைந்தது. இவ்வளவு சீக்கிரம் ஏன் எழுந்தாய் என்று கேட்க வாயெடுத்தவருக்கு, பிறகுதான் துடைப்பக் கம்பு கண்ணில் பட்டது.

நாரை மிரளவில்லை. மிரள்வதென்ன, மதிலிலிருந்து இறங்கி, பொம்மைக்குக் கையெட்டும் தூரத்தில் போய் நின்றுகொண்டது. தொட்டிப் பக்கம்கூடத் திரும்பவில்லை. பொம்மையையே பார்த்துக்கொண்டு, வெயில் ஏறும் வரை, அவர் கத்தியும் கைதட்டியும் நகராமல் நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

பூவில் பூச்சி இருக்கும் என்று நினைத்திருக்கும் என்றார் மைத்துனர். ஃபோர்மேனுக்குக் கோபம் தலைக்கேறியது. மனைவியின் துணிக்கு முன்னால் கூச்சமில்லாமல் நிற்கிற அந்த ஜந்துவின் துணிச்சலை அவரால் தாங்க முடியவில்லை. நைட்டியை உருவி எடுத்து, துவைக்காமல் மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது யோசனை வலை. கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதையெல்லாம் வேண்டாம், மூடிவிட்டால் விஷயம் முடிந்தது என்று மைத்துனர் நைலான் வலையைத் தொட்டிமேல் இழுத்துக் கட்டினார். விஷயம் முடியவில்லை. விடிந்தபோது நாரை வலையில் கிடந்தது. ஓர் இறக்கையும் ஒரு காலும் நூலில் சிக்கி, தலை கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபோர்மேனுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது அசையவில்லை என்றதும் பதறிப்போய், மனைவியின் தையல் கத்தரிக்கோலை எடுத்துவந்து நூல் நூலாக வெட்டினார். தூக்கினால் மடித்த குடை அளவுக்குத்தான் கனம். இவ்வளவு பெரிய எதிரிக்கு இவ்வளவுதான் எடையா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

மீன் டாக்டர் வந்தாள். கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும், தள்ளிப் பிடியுங்கள் என்று வாசலிலிருந்தே எச்சரித்தாள். நாரை கொத்தவில்லை. நீளக் கழுத்தை அவர் முழங்கைமேல் சாய்த்து வைத்துக்கொண்டது.

"ஆச்சரியமா இருக்கே சார். காட்டுப் பறவை மனுஷங்ககிட்ட இப்படி இருக்காது."

"களைப்பு," என்றார் ஃபோர்மேன்.

அவள் அலகைப் பிரித்து டார்ச் அடித்துக் காட்டினாள். தொண்டைச் சுவரில் மஞ்சளாக நாலைந்து புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. காலில் சின்னக் கீறல்தான், ஆனால் ரொம்ப இளைத்திருக்கிறது, மீன் நிறைய இருக்கிற பெரிய ஏரியாகப் பார்த்து விட்டுவிடுங்கள் என்றாள்.

டி.வி. வந்த அட்டைப்பெட்டியில் அதை வைத்து, மைத்துனரின் வேனில் ஊரைத் தாண்டி, அணைக்கட்டையும் தாண்டி இருந்த ஏரிக்குக் கொண்டுபோனார்கள். கரையில் பெட்டியைச் சாய்த்ததும் நாரை வெளியே வந்து நின்றது. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அது தண்ணீரைப் பார்க்கவில்லை. வேன் கிளம்பியதும் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தது.

"மாமா, கூடவே வருது."

"கண்ணாடியைப் பார்க்காதே. ஓட்டு."

அதன்பிறகு அது மதிலுக்கு வரவில்லை. ஜெயித்தாகிவிட்டது. ஆனாலும் காலையில் கதவைத் திறந்ததும் அவர் பார்வை முதலில் மதிலுக்குத்தான் போனது. திட்டுவதற்கும் ஆள் இல்லாத வீடாகிவிட்டது. மீன் ஒரு கையளவு மிச்சமிருந்தது. அந்தக் கையளவையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வைராக்கியம் பிறந்தது. நத்தை முட்டை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று, அச்சு இயந்திரத்தைக் கழற்றித் துடைக்கிற அதே ஒழுங்கில் வேலையைத் தொடங்கினார். மீன்களை ஒரு டிரம்மில் மாற்றினார். வாத்து கெடுத்த தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம் என்று, டிரம்மில் பளிங்குபோலப் புதுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்தார். தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டார். இடுப்பு ஒடிந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

காலையில் டிரம்மில் எல்லா மீனும் மல்லாந்து மிதந்தன.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் சார், ஒருநாள் வெயிலில் வைத்துவிட்டுத்தான் மீனை விடணும் என்று மீன் டாக்டர் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டாள். புழு கொல்லாத மீன், நாரை விட்டுவைத்த மீன், வாத்திடம் தப்பிய மீன். அவர் கையால் செத்தது.

மனைவி போன அன்று ஃபோர்மேன் அழவில்லை. ஆள் அனுப்புவது, வண்டி சொல்வது, வந்தவர்களை உட்கார வைப்பது என்று அன்றும் ஃபோர்மேனாகவே இருந்துவிட்டார். இன்று துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, மடியில் குழிக்கரண்டியை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூடச் செய்யத் தெரியாத மனிதனோடா அவள் இவ்வளவு காலம் வாழ்ந்தாள் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றார். மீன் என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. அப்பாவின் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு நாளில் பெட்டி கட்டியாகிவிட்டது. துணிகளுக்கு மேலே அந்த நைட்டியை வைத்து மூடினார். வேனை வாசலுக்கு எடுத்துவர மைத்துனர் போயிருந்த நேரத்தில், தெருவில் ஒரு ஹாரன் அடித்தது. தூக்கத்தில் எத்தனையோ முறை கேட்ட அதே ஹாரன்.

கதவைத் திறந்தால் அது ரொட்டிக்காரன் இல்லை. மொபெட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பைகள், அவற்றில் குஞ்சு குஞ்சாகக் கெண்டை. ஓட்டிவந்தவர் ஒரு காலை ஊன்ற முடியாமல் கம்பை ஊன்றி இறங்கி, ஒரு பையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மீன்குஞ்சு விற்கிறவராம். கால் முறிந்து படுத்துவிட்டதால் ரொம்ப நாளாக வர முடியவில்லை, அக்கா கோபமாக இருப்பார்கள், கொஞ்சம் கூப்பிடுங்கள் என்றார்.

ஃபோர்மேன் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முன்பின் தெரியாத ஓர் ஆள் தன் மனைவிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்வதை ஃபோர்மேன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வாருங்கள் என்று சொல்லி, அவரைக் கைத்தாங்கலாகப் பின்பக்கம் அழைத்துப்போய்க் காய்ந்து கிடந்த தொட்டியைக் காட்டினார். யாரிடமாவது ஒப்புக்கொடுத்துவிட்டுப் போனால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"அவ உயிரா வளர்த்த மீன். ஒண்ணைக்கூட என்னால காப்பாத்த முடியலை."

மீன்குஞ்சுக்காரர் தொட்டியைப் பார்க்கவில்லை. மதிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். அது எங்கே சார் என்று கேட்டார். எது என்று ஃபோர்மேனுக்குப் புரிந்தது. வலையைச் சொன்னார், அட்டைப்பெட்டியைச் சொன்னார், அணைக்கட்டுக்கு அந்தப் பக்கத்து ஏரியைச் சொன்னார். மீனைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்று, வேனுக்குப் பின்னால் அது நடந்துவந்ததையும் சொன்னார்.

அந்த மனிதர் கையிலிருந்த பையை மெதுவாகத் தரையில் வைத்தார். உள்ளே குஞ்சுகள் மினுக்கின.

"அக்கா வளர்த்தது மீனை இல்லீங்க சார், அந்தக் கொக்கை," என்றார். "மீன் அதுக்குச் சோறு."